ஒரு கண்ணுக்கு எத்தனை நிறம்

மார்ச் 4, செவ்வாய்

பெயிண்ட் கலர் கலக்கும் மெஷின் காலையிலேயே படுத்துவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். தங்கை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "மெஷின் வர்றதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் இந்தக் கடை எப்படி ஓடுச்சு? தள்ளு" என்று சொல்லிவிட்டு நானே கையால் கலந்து கொடுத்தேன். பதினோரு ஆர்டர். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஐம்பத்தொரு வயதிலும் கண் ஏமாற்றவில்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

மதியம் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். பைக்குள் ஒரு சின்ன டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம்.

"மேடம், இதுல என்னென்ன கலர் சேர்ந்திருக்குன்னு சொல்ல முடியுமா? மெஷின் வேணாம். நீங்க பாத்துச் சொல்லணும். உங்களாலதான் முடியும்னு சொன்னாங்க."

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். செங்காவி இருந்தது. மஞ்சள் காவி இருந்தது. கறுப்பு இல்லவே இல்லை, கருநீலமும் காவியும் சேர்ந்து கறுப்பு வேஷம் போட்டிருந்தன. ஓரத்தில் ஒரு துளி பச்சை.

"பச்சையா?"

"பச்சையேதான். அத விட்டுட்டீங்கன்னா செத்துப்போன மாதிரி இருக்கும்."

"ஐயோ, மூணு நாளா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அது என்னவென்று கேட்டேன். கண்ணாம், ஒருவரின் பழைய செயற்கைக் கண்ணிலிருந்து எடுத்த விழியாம்; அதே நிறத்தில் புதிது செய்ய வேண்டுமாம். விபத்திலோ வியாதியிலோ கண் போனவர்களுக்குக் கண் ஆஸ்பத்திரியில் இவள்தான் கண் செய்கிறாளாம். ஒரு மனுஷனுடைய கண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டா இவ்வளவு நேரம் ஷேட் பேசிக்கொண்டிருந்தேன்?

ஒருமுறை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். நான் எதற்கு அங்கே? போக மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

போனேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மருந்து ஸ்டோருக்கு அடுத்த சின்ன அறை. வடக்கே பெரிய ஜன்னல். ஒரு கடைசல் மெஷின், பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு நாற்காலி, ஒரு பிரஷர் குக்கர். குக்கர் எதற்கு என்று கேட்டேன். "கண்ண வேகவைக்க" என்றாள், ஏதோ உருளைக்கிழங்கு மாதிரி. கண்ணின் வெள்ளைப் பாகத்தை அதில்தான் இறுக வைப்பார்களாம்.

அந்த வெள்ளை இருக்கிறதே! கடையில் வெள்ளையில் மட்டும் முப்பத்தெட்டு வகை விற்றவள் நான். முப்பத்தெட்டில் ஒன்றுகூட மனுஷனின் கண்ணில் இல்லை. கொஞ்சம் நீலம், மூக்குப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், இமைக்குக் கீழே ஒரு சாம்பல். கருவிழி என்று சொல்கிறோம், அதில் ஏழு நிறம் எண்ணினேன். எட்டாவதும் இருந்திருக்கும், அதற்குள் கடையிலிருந்து போன் வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போனவள் நாலு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இவ்வளவு சிரிப்போட வந்த முதல் ஆளு நீதான்க்கா."

மார்ச் 11, செவ்வாய்

கண் செய்கிற அந்தப் பெண் கேட்டே விட்டாள். ஆஸ்பத்திரியில் இன்னொரு ஆள் எடுக்க அனுமதி கிடைத்திருக்கிறதாம். ஒரே ஒரு இடம். எட்டு மாதமாகக் கண்ணுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்களாம், இவள் ஒருத்தியால் முடியவில்லையாம். ஏப்ரலில் சேர்ந்து ஜூன் கடைசி வரை பழக வேண்டும். கை சரிப்பட்டால் நிரந்தரம். சரிப்படாவிட்டால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். முழுநேர வேலை, கடையில் ஒரு கால் இங்கே ஒரு கால் என்பதெல்லாம் நடக்காது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில்.

"எனக்கு ஐம்பத்தொண்ணு" என்றேன்.

"நான் வயசு கேக்கலையே மேடம்."

மார்ச் 12, புதன்

தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதில் கை வைத்து ஒரு நிமிஷம் கடவுளிடம் பேசுவது வழக்கம். இருபத்தாறு வருஷமாக ஒரே பேச்சுதான்: சரக்கு நல்லபடி வரட்டும், போகட்டும், நான் யாரையும் ஏமாற்றாமல் இருக்கட்டும். இன்றைக்குத்தான் பேச்சு மாறியது.

'இதோ பார், நீயும் நானும் நேராகவே பேசுவோம். இந்த ஆசை என் கிறுக்கா, உன் வேலையா? உன் வேலை என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்று காட்டு. மழுப்பாதே.'

பக்கத்துக் கடைக்காரர் ஷட்டர் மாட்டிக்கொண்டதாக நினைத்து எண்ணெய்க் குப்பியோடு வந்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

காட்டிவிட்டான். ஆனால் இது என்ன காட்டல்?

பெயிண்ட் கம்பெனியின் டைக்காரர் வந்தார் — வேகாத வெயிலிலும் டையைக் கழற்றாத மனுஷன், அதனால் எங்கள் வாயில் அவருக்கு அதுதான் பெயர். இந்த ஊருக்கும் சுற்றுவட்டாரம் முழுக்கவும் மொத்த விநியோகம் எனக்கே என்கிறார்! பத்து வருஷமாக நான் நடையாய் நடந்து கேட்டது. கதவைக்கூடத் திறக்காத கம்பெனி இப்போது காகிதத்தோடு வாசலில் நிற்கிறது. ஒரே நிபந்தனை: நானே முன்னின்று நடத்த வேண்டும், வேறு ஆளைக் கைகாட்டக் கூடாது. இருபதாம் தேதிக்குள் கையெழுத்து.

தங்கை கண்கலங்கிவிட்டாள். "கடவுள் கண்ணத் தொறந்துட்டாருக்கா."

கண்ணைப் பற்றி இவளும் பேசுகிறாள்.

மார்ச் 15, சனி

செய்தி பரவிவிட்டது. காலையில் முதல் ஆளாகப் பெரிய பிரஷ் வந்தார் — பெயிண்டிங் கான்ட்ராக்டர், என் கடையின் முதல் வாடிக்கையாளர். "அக்கா, இனிமே உங்களப் பாக்கவே டோக்கன் வாங்கணும் போல. எல்லாம் மேல இருக்கறவன் பாத்துக் குடுத்தது, வாங்கிப் போட்டுக்குங்க" என்றார். மகள் போனில், "அம்மா, அடையாளம் கேட்ட, வந்துடுச்சுல்ல? அப்புறம் என்ன யோசனை?"

யோசனை இருக்கிறது. நான் வியாபாரி. வாடிக்கையாளர் படி இறங்கப்போகிற நேரத்தில் ஒரு பிரஷ் இலவசம் என்று சொன்னால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், எனக்குத் தெரியாதா? நல்ல வாய்ப்பு வந்துவிட்டது என்பதாலேயே அது அவன் அனுப்பியது என்று எப்படிச் சொல்வது? அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் டப்பாவோடு வந்தது யார் அனுப்பி? நான் ஆள் அனுப்பியா வரவழைத்தேன்?

இரண்டும் அவன் அனுப்பியதாகவே இருக்கட்டும். எதை எடுப்பது என்று சொல்லாமல் இரண்டையும் ஏன் மேஜையில் வைக்கிறான்?

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் வாசலில் பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஐம்பது பிள்ளைகளின் கூச்சலில் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை அதிகம் பேச மாட்டார். நான்தான் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினேன்.

"நீங்களாவது சொல்லுங்க. என்ன பண்றது?"

"நான் என்னத்தச் சொல்ல. ரெண்டு நாள் உன்னப் பாத்தேன், அத வேணா சொல்றேன்."

"என்ன பாத்தீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, சாப்பாட்டத் தட்டுல வெச்சுட்டு என் கண்ணயே உத்துப் பாத்துட்டு இருந்த. எனக்கே வெக்கமாப் போச்சு. சோறு ஆறிப்போச்சு. டைக்காரர் வந்துட்டுப் போன அன்னிக்கு ஒழுங்காச் சாப்பிட்ட, பாத்திரம் கழுவின, ஒம்பது மணிக்குப் படுத்துட்ட."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. அந்தத் துணிய எடு, கண்ணாடி தொடைக்கணும்."

இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு நீளமாக என்னைப் பற்றிப் பேசியது இன்றைக்குத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

ஷட்டரில் கை வைத்தபோது ஒன்று உறைத்தது. நான் கடவுளிடம் கேட்டது அடையாளம் இல்லை. கேரண்டி கார்டு. வெளிச்சுவர் பெயிண்டுக்கு ஏழு வருஷம் உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டு, ஈரச் சுவருக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் போடுவோமே, அது. அந்தக் கார்டை ஆயிரம் பேருக்குக் கிழித்துக் கொடுத்தவள் நான். அதன் லட்சணம் எனக்குத் தெரியாதா? இந்தக் கடையைத் திறந்தபோது எந்தக் கார்டு கையில் இருந்தது? நாலு டின்னும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. 'உன்னை நம்பித்தான் திறக்கிறேன்' என்றேன், திறந்தேன்.

அந்தத் தைரியம் எங்கே போச்சு? வயசோடு போச்சா, வசதியோடு போச்சா?

சரி. கார்டு வேண்டாம்.

மார்ச் 19, புதன்

டைக்காரரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முதல்முறையாக டையைத் தளர்த்தினார்.

மார்ச் 20, வியாழன்

தங்கையிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. பதினேழு வருஷம் என் பக்கத்தில் நின்றவள். கடையை நீ எடுத்துக்கொள் என்றதும் கௌண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், யாரோ அடிக்க வருகிற மாதிரி.

"நீ இல்லாம கடையா? எனக்கு ஷேட் பாக்கத் தெரியாதுக்கா. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல வந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அதுக்குத்தான் மெஷின் இருக்கு. மனுஷங்கள வெச்சு வேலை வாங்க எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். போன மாசம் அந்த எஞ்சினியர் சண்டைக்கு வந்தப்போ யாரு சமாளிச்சா?"

"நீ உள்ள ஒளிஞ்சுக்கிட்ட."

"பாத்தியா."

அழுதுகொண்டே சிரித்தாள். "பைத்தியக்காரி. குண்டூசி அளவு பொட்டு வெக்கப் போறேன்னு குடோன விட்டுட்டுப் போறியே." பிறகு, "உனக்குப் பயமா இல்லையாக்கா?" என்றாள்.

இருக்கிறது. ஆனால் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இருக்குமே, அந்தப் பயம். எத்தனை வருஷமாயிற்று இது வந்து!

மார்ச் 31, திங்கள்

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் நாள். அந்தப் பெண்ணை இனி 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினாள். டீச்சர்தான்.

வந்த முதல் ஆளை உட்காரவைத்து, பழக்கதோஷத்தில், "சொல்லுங்க, என்ன ஷேட் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் இருக்கிற கண்ணை உருட்டி, "ஏங்க, சாய்ஸ் இருக்கா?" என்றார். டீச்சர் கடைசல் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்ணின் ரத்த நாளம் எதில் செய்கிறார்கள் தெரியுமா? சிவப்புத் தையல் நூலில்! நூலைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, மூச்சு விட்டால் பறந்துபோகிற இழையாக்கி, வெள்ளையின் மேல் ஒவ்வொன்றாகப் படுக்க வைக்க வேண்டும். ஒருத்தருக்கு நேராக ஓடும், ஒருத்தருக்குக் கொடி மாதிரி சுருளும். இன்றைக்கு முப்பது இழை ஒட்டினேன். தும்மல் வந்து எட்டு பறந்துவிட்டது. டீச்சர் மூக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன்.

பஸ்ஸில் வரும்போது எதிர் சீட்டுக்காரரின் கண்ணில் நாளம் எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பாகத் தெரியவில்லை.

மே 9, வெள்ளி

முதல் முழுக்கண். முழுக்க என் கை. ஒரு தபால்காரருக்கு, இடது பக்கம். ஐந்து நாள் வேலை.

பொருத்திவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடி பார்த்தார். "பரவாயில்லம்மா" என்றார்.

பரவாயில்லை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். சுவர் கெட்டுப்போய், கடைக்காரியை நோகடிக்க வேண்டாம் என்று நினைக்கிற நல்லவர்கள் சொல்வது. கண் வெளுத்திருந்தது. பக்கத்துக் கண்ணோடு பார்த்தால் காய்ச்சல்காரனுக்கு இருப்பது மாதிரி. அளவு சரி, நாளம் சரி, நிறம் தப்பு. என்னுடைய நிறம் தப்பு!

டீச்சர் திட்டவில்லை. "ஏன் வெளுப்பாப் போட்டீங்க? கலக்குறப்போ சரியாத்தானே பாத்தீங்க?" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் பிடிபட்டது. சுவர் பெயிண்ட் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதனால் ஈரத்தில் ஒரு படி வெளுப்பாகக் கலக்க வேண்டும். இருபத்தாறு வருஷம். என்னைக் கேட்காமலே கை அதைச் செய்துவிடும். கண்ணில் அப்படிக் கறுப்பதெல்லாம் கிடையாது. மேலே தெளிவான பூச்சு போட்டு மூடிவிடுகிறோம், உள்ளே நிறம் ஆயுசுக்கும் ஈரமாகவே தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள் என்று டீச்சர் பத்து முறை சொன்னாள். 'எனக்கே பாடமா?' என்று மனசுக்குள் இருந்திருக்கிறது.

மே 10, சனி

கடை வழியாகப் போனேன். எதிர்க்கடையில் புது போர்டு. மொத்த விநியோகம் அவனுக்குப் போய்விட்டது. எவ்வளவு பெரிய எழுத்து.

என்னப்பா கடவுளே, என்ன விளையாட்டு இது? அதையும் விட்டுட்டேன், இதுவும் வரல. நீதானே கூட்டிட்டு வந்த? நானா டப்பாவ எடுத்துட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னேன்? அந்த மனுஷன் எட்டு மாசம் காத்திருந்து, என்கிட்ட வந்து 'பரவாயில்ல'ன்னுட்டுப் போறாரு. எனக்குப் பாடம் நடத்த அவரோட முகம்தான் கிடைச்சுதா? சொல்லு.

மே 12, திங்கள்

ஷட்டர் இல்லை இப்போது. அறையின் கதவுப் பிடியில் கை வைத்து நின்றேன். சண்டை போடும் தெம்பில்லை, அதனால் காது கொஞ்சம் திறந்திருந்தது என்று நினைக்கிறேன். குரலெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு யோசனைதான். இருபத்தாறு வருஷமாக என்னைக் கடவுள் இதற்காகவே தயார் செய்து, கட்டி, லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டான் என்று நினைத்திருந்தேன். இல்லை போல. பாதி வேலைதான் ஆகியிருக்கிறது, மீதியை இங்கே வந்து செய்கிறான். பாதி வேலையில் இருக்கிற சுவரைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். "முடியட்டும், அப்புறம் பாருங்க" என்று நானே எத்தனை பேரை அடக்கியிருக்கிறேன்.

உள்ளே போய் டீச்சரிடம் சொன்னேன்: "தப்பு என் கையில இருக்கு. அது ஈரத்த நம்ப மாட்டேங்குது. ஒண்ணாம் வகுப்புலேருந்து ஆரம்பிங்க."

தண்ணீர்ச் சொட்டோடு நாற்பது வட்டம் தீட்டினேன். முப்பத்து மூன்று தேறவில்லை. ஏழு தேறியது! ஏழு!

மே 23, வெள்ளி

தபால்காரர் திரும்ப வந்தார். புதுக் கண். கண்ணாடியை வாங்கியவர் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவ ஆரம்பித்தார். வகிடு சரியில்லை என்று கலைத்து மறுபடி சீவினார். மீசையையும் ஒதுக்கினார். கண்ணை அவர் பார்க்கவே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் திரும்ப மிதித்தேன். இரண்டு பேரும் மருந்து ஸ்டோருக்குள் போய்க் கையைப் பிடித்துக் குதித்தோம். ஐம்பத்தொரு வயதில் குதித்தால் முட்டி சத்தம் போடுகிறது. போடட்டும்!

ஜூன் 30, திங்கள்

பெரிய டாக்டர் என் வேலையில் ஆறு பேரை வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தார். டார்ச் அடித்தார், விரலை இடமும் வலமும் ஆட்டினார். "நாளைலேருந்து நீங்க எங்க ஆளு" என்றார்.

வீட்டில் சொன்னேன். "நாளைலேருந்து சாப்பிடறப்போ என் கண்ணப் பாக்காம இருப்பியா?" என்றார் வீட்டுக்காரர். சத்தியமாக முடியாது என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

தங்கை போன். மெஷினை நம்பாமல் ஒரு பச்சைநீலத்தைக் கையாலேயே கலந்தாளாம், பெரிய பிரஷ் மூக்கு விடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்துப் போனாராம். ஒரு மணி நேரம் அதே பேச்சு.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, கண்ணை வாங்கிக்கொள்ள வந்தவர். பொருத்தினேன். இமையைக் கொட்டிப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சொட்டு மருந்து வாங்க ஸ்டோருக்குப் போனார்.

அடுத்து லாரி மெக்கானிக் ஒருவர். வேலையில் இரும்புத்துகள் தெறித்துக் கண் போனவர். வாசலிலேயே நின்றார், உள்ளே வர மனசில்லை. அவரும் கறுப்புக் கண்ணாடிதான்.

"எங்க வீட்டுல தொல்லை தாங்காம வந்தேன். பொம்மைக் கண்ணு மாதிரிதான இருக்கும்? இப்ப போனாங்களே, அந்த டாக்டரம்மாவக் கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா?"

"அவங்க டாக்டர் இல்ல. உங்கள மாதிரி கண்ணு வைக்க வந்தவங்கதான்."

"சும்மா சொல்லாதீங்க. எந்தக் கண்ணு?"

"ஸ்டோர் வாசல்ல நிக்கறாங்க. நீங்களே போய்ப் பாருங்க."

விறுவிறு என்று போனார். அவரிடம் ஏதோ கேட்டுப் பேசிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. நான் கலர் கலக்கும் தட்டைத் துடைத்து, பிரஷ்களை எடுத்து வைத்தேன். கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஏனோ கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தவர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியை அவரே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தக் கண்ணுன்னு தெரியலைங்க" என்றார்.

ஜன்னல் திரையை முழுக்க விலக்கிவிட்டு, நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.